காது மந்தமான தாத்தா பாட்டியோடு பேசுவது எப்படி?

முதலில் கத்துவதை நிறுத்துங்கள். வயதானால் பெரும்பாலும் ச, ஸ போன்ற கூர்மையான ஒலிகள்தான் முதலில் காதில் விழாமல் போகும். நாம் கத்தினால் ‘ஆ’வும் ‘ஓ’வும்தான் பெரிதாகுமே தவிர அந்த மெல்லிய ஒலிகள் தெளிவாகாது, போதாக்குறைக்கு நம் முகம் கோபமாகத் தெரியும், பாவம், அவர்கள் மனசு வாடிப்போகும்.

டிவியை அணைத்துவிட்டு, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுகிற மாதிரி எதிரே உட்காருங்கள். அப்புறம், எதைப் பற்றிய பேச்சு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்: “தாத்தா, நாளைக்கு டாக்டர்கிட்ட போறது பத்தி.” இது ரொம்ப முக்கியம். அவர்கள் நம் உதட்டைப் பார்த்தும்தான் பேச்சைப் புரிந்துகொள்வார்கள், ஆனால் பல்லி என்றாலும் மல்லி என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். சமையல் பேச்சு என்று தெரிந்தால்தான் மல்லி என்று பிடிக்க முடியும்.

புரியவில்லையா? அதையே திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள். மாத்திரை எத்தனை என்றால் விரலைக் காட்டுங்கள், இல்லையா, எழுதியே காட்டிவிடுங்கள். தலையாட்டினால் மட்டும் புரிந்துவிட்டது என்று நம்பவேண்டாம், “எத்தனை மணிக்குக் கிளம்பணும், சொல்லுங்க?” என்று கேளுங்கள். “ஒண்ணுமில்ல, விடுங்க” என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். வீட்டில் எல்லாரும் சிரிக்கும்போது என்ன விஷயம் என்று அவர்களுக்கும் சொல்லுங்கள்.