கச்சேரி மேடையில் மிக்சர் இணைப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேடையில் ஒலி கெட்டால் எல்லோரும் மிக்சரைத்தான் பார்ப்பார்கள். ஈக்வலைசரைத் திருகுவார்கள், ஃபேடரை (சேனலின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை) இறக்குவார்கள். ஆனால் கோளாறு பெரும்பாலும் ஒயரைச் செருகிய நேரத்திலேயே உண்டாகியிருக்கும். ஒரு சாக்கெட் எந்த அளவு சிக்னலை எதிர்பார்க்கிறது என்று பார்க்காமல், பிளக் பொருந்துகிறதே என்று செருகிவிடுவதுதான் அதற்கு முக்கியக் காரணம்.

லேப்டாப் இணைப்பில் இது தெளிவாகத் தெரியும். நடன நிகழ்ச்சிக்குப் பாட்டுப் போட்டால் தாளம் கேட்கும், பாடுபவர் குரல் மட்டும் காணாமல் போயிருக்கும். லேப்டாப்பின் 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் இடது, வலது என இரண்டு தனி சிக்னல்கள் வருகின்றன. அதை ஒரே எக்ஸ்எல்ஆர் பிளக்கில் (மைக்குக்குரிய மூன்று பின் பிளக்) பற்றவைத்த கேபிளில் இடது 2-ஆம் பின்னுக்கும் வலது 3-ஆம் பின்னுக்கும் போகும். மைக் இன்புட் அந்த இரண்டு பின்களுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். குரலும் பேஸும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஸ்டீரியோ ஜாக்கை ஒரே பேலன்ஸ்டு (இப்படி வித்தியாசத்தை மட்டும் எடுக்கும்) லைன் இன்புட்டில், அதாவது மைக்கைவிட வலுவான சிக்னலுக்கான சாக்கெட்டில், செருகினாலும் இதேதான் நடக்கும். ஒரு முனையில் 3.5 ஸ்டீரியோ, மறுமுனையில் இரண்டு மோனோ ஜாக் உள்ள கேபிளை வாங்கி, இரண்டு சேனலிலோ ஸ்டீரியோ சேனலிலோ கொடுங்கள். தப்பான எக்ஸ்எல்ஆர் கேபிளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஃபேண்டம் பவர் (கண்டென்சர் மைக்குக்காக மிக்சர் கேபிள் வழியே அனுப்பும் மின்சாரம்) போட்டிருந்தால் 48 வோல்ட் லேப்டாப்பின் அவுட்புட்டுக்குள் போகும். சிறிய மிக்சர்களில் பெரும்பாலும் எல்லா மைக் சேனலுக்கும் சேர்த்து ஒரே ஃபேண்டம் சுவிட்ச்தான் இருக்கும், கவனம்.

ஃபேண்டத்தைப் போடும்போதும் நிறுத்தும்போதும், மைக்கைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் அந்தச் சேனலை மியூட் செய்யுங்கள். இல்லையென்றால் வரும் அந்த ஒரு ‘டப்’ ஸ்பீக்கரின் ட்வீட்டரைக் கொன்றுவிடலாம்.

வீணை, வயலினில் ஒட்டும் பியெசோ பிக்கப்பை (அதிர்வை மின் சிக்னலாக்கும் சிறு வில்லையை) நேராக லைன் இன்புட்டில் கொடுப்பது கச்சேரி மேடைகளில் பரவலாக நடக்கிறது. நாதம் மெலிந்து தகரம்போல ஒலித்ததும் பழி வாத்தியத்தின் மேல் விழுகிறது. லைன் இன்புட்டின் இம்பீடன்ஸ் (சிக்னலுக்குக் காட்டும் மின்தடை) சுமார் 10 கிலோ ஓம்தான். பியெசோவுக்கு 1 மெகா ஓமாவது வேண்டும், இல்லையென்றால் கீழ் ஸ்தாயி கரைந்துவிடும். இந்த இடத்தில் ஆக்டிவ் டிஐ பாக்ஸ்தான் (வாத்தியத்தின் சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றும், மின்சாரத்தில் இயங்கும் பெட்டி) பொருத்தம். கீபோர்டுக்கு மின்சாரம் தேவைப்படாத பாசிவ் டிஐ போதும். சாதாரண ஜாக் கேபிள் 5, 6 மீட்டரைத் தாண்டினால் இரைச்சலை இழுக்க ஆரம்பிக்கும் என்பதால், டிஐ பாக்ஸை வாத்தியத்தின் பக்கத்திலேயே வைத்து, அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிளை ஓட்டுங்கள்.

மின்சாரத்தில் செய்யும் தவறு உயிருக்கே ஆபத்து. மேடையில் ஒரு பிளக் பாயின்ட், மண்டபத்தின் பின்பக்கம் மிக்சருக்கு வேறொன்று என்று எடுத்தால், இரண்டு எர்த்துக்கும் நடுவே ஓடும் மின்னோட்டம் சிக்னல் கேபிளின் ஷீல்டு (கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறை) வழியாக வந்து 50 ஹெர்ட்ஸ் ‘ஹம்’ ஆகக் கேட்கும். உடனே சிலர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுகிறார்கள். ஹம் போய்விடும்தான். ஆனால் மிக்சருக்குள் ஃபேஸ் ஒயர் உரசினால் அதன் உடம்பில் கரண்ட் ஏறி, ஷீல்டு இணையும் 1-ஆம் பின் வழியாக மைக்கின் உலோகக் கூடு வரை வரும், பாடுபவர் உதடு அங்கேதான் இருக்கிறது. எர்த்தை ஒருபோதும் கழற்றாதீர்கள். மிக்சருக்கும் மேடைக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள். அப்படியும் ஹம் இருந்தால் டிஐ பாக்ஸிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அது சிக்னலின் கிரவுண்டை மட்டும்தான் பிரிக்கும்.

திருவிழாவில் ஜெனரேட்டர் மூன்று ஃபேஸில் ஓடும்போது நியூட்ரல் தளர்ந்துவிட்டால், 230 வோல்ட் வர வேண்டிய பாயின்ட்டில் 400-ஐ நெருங்கி வரலாம். எதையும் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரால் பாருங்கள். ஃபேஸ்–நியூட்ரல் 220 முதல் 240-க்குள், ஃபேஸ்–எர்த்தும் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரல்–எர்த் 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும்வரை காத்திருங்கள், கச்சேரி தாமதமானாலும் பரவாயில்லை.

சிக்னல் கேபிளையும் பவர் கேபிளையும் சேர்த்துக் கட்டாதீர்கள். ஓரடி இடைவெளி விடுங்கள், குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

ஆம்ப் ஒன்றுதான் இருக்கிறது என்று மிக்சரின் இடது, வலது அவுட்புட் இரண்டையும் ஒய் கேபிளால் சேர்ப்பதும் தவறு. இரண்டு அவுட்புட்டும் ஒன்றையொன்று சுமையாக இழுத்து ஒலி உடையும். மோனோ அவுட் இருந்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் எல்லாச் சேனலையும் இடப்பக்கம் பான் செய்து அந்த ஒன்றை மட்டும் எடுங்கள். ஆம்பிலிருந்து பாசிவ் ஸ்பீக்கருக்கு மைக் கேபிளைப் பயன்படுத்தவே கூடாது, அது சூடாகும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஸ்பீக்கர் ஒயர் போடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம், நான்கைச் சேர்த்தால் 2 ஓம். பல ஆம்ப்கள் 2 ஓமைத் தாங்காது.

கெயினுக்கு, அதாவது உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்பதற்கு, வருவோம். ஃபேடரை இறக்கி, பிஎஃப்எல்லை (ஃபேடருக்கு முந்தைய அளவை மீட்டரில் காட்டும் பொத்தானை) அழுத்தி, உச்சஸ்தாயியில் பாடச் சொல்லுங்கள். அனலாக் மிக்சரில் மீட்டர் 0-வை ஒட்டி, டிஜிட்டலில் மைனஸ் 18-ஐ ஒட்டி ஆடும்படி கெயினை வையுங்கள். பிறகுதான் ஃபேடர். மிருதங்கத்துக்கு இன்னும் 6 டெசிபலாவது இடம் விட்டு வையுங்கள், சோதனையில் தட்டுவது வேறு, தனி ஆவர்த்தனத்தில் விழும் அடி வேறு. மானிட்டருக்கு (பாடுபவர் தன்னைக் கேட்கும் ஸ்பீக்கருக்கு) கொடுக்கும் ஆக்ஸ், அதாவது தனி அவுட்புட், ப்ரீ-ஃபேடராக (ஃபேடருக்கு முன்பே பிரிவதாக) இருக்கட்டும். போஸ்ட்டில் (ஃபேடருக்குப் பிறகு) இருந்தால், சபைக்காக ஃபேடரை ஏற்றும்போது மானிட்டரும் ஏறி மைக் கூவும். எக்கோவுக்குப் போகும் ஆக்ஸ் இதற்கு நேர்மாறாக, போஸ்ட்டில் இருக்க வேண்டும்.

கடைசியாக, கேபிள்கள். 2-ஆம், 3-ஆம் பின் மாறிப் பற்றவைத்த எக்ஸ்எல்ஆர் தனியாகக் கேட்டால் பிடிபடாது. ஒரே மாடல் மைக் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் ஒருவரைப் பேசவிட்டு, இரண்டையும் சம அளவில் ஏற்றுங்கள். குரல் பருமனாவதற்குப் பதிலாக மெலிந்தால் ஒரு கேபிள் மாறியிருக்கிறது. அதில் சிவப்பு டேப் சுற்றி, பற்றவைத்துச் சரிசெய்யும்வரை பெட்டிக்கு வெளியே வையுங்கள்.