ஃப்ளூ வைரஸ் செல்லுக்குள் நுழைவது எப்படி? ஸ்ட்ராவை மடக்கிப் பார்ப்போம்

கழுத்து மடங்கும் ஸ்ட்ரா மூன்று, ரப்பர் பேண்ட், காகிதக் கப், சிவப்பு மார்க்கர், கொஞ்சம் செலோடேப். இவ்வளவு போதும். இன்ஃப்ளூயன்சா வைரஸின் மேலே முள் முள்ளாக நிற்கும் ஹீமக்ளூட்டினின் புரதத்தைச் செய்யப் போகிறோம்.

படி 1: மூன்று ஸ்ட்ராக்களையும் சேர்த்துப் பிடித்து, கழுத்துக்குச் சற்றுக் கீழே ரப்பர் பேண்ட் போடுங்கள். குட்டைப் பகுதிகளை வெளிப்பக்கமாக மடக்கித் தண்டோடு ஒட்டித் தொங்க விடுங்கள். அவற்றின் நுனியில் சிவப்பு பூசுங்கள். இதுதான் இணைவுப் பெப்டைடு, அதாவது செல்லின் சவ்வில் குத்தும் குட்டிப் புரதத் துண்டு. இருபதுக்குச் சற்று அதிகமான அமினோ அமிலங்கள். பெரும்பாலும் தண்ணீருக்கு ஆகாதவை. அதனால்தான் புரதம் இதை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறது. கீழே உள்ள மேசை, வைரஸின் சவ்வு.

படி 2: ஸ்ட்ராக்களின் தலையில் கப்பைக் கவிழ்த்துங்கள். ஹீமக்ளூட்டினினுக்கு (சுருக்கமாக எச்ஏ) இரண்டு பகுதிகள்: கப் எச்ஏ1, ஸ்ட்ரா எச்ஏ2. செல்லின் மேலுள்ள சயாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பிடிப்பது கப்தான். முதலில் இரண்டும் ஒரே சங்கிலியாகத்தான் உருவாகின்றன. நம் உடலின் நொதி ஒன்று அதை வெட்டினால்தான் இந்தப் பொறி வேலைக்குத் தயாராகும்.

படி 3: செல் வைரஸை ஒரு பைக்குள் விழுங்குகிறது. அந்தப் பையில் அமிலத்தன்மை ஏறி, பிஎச் 5-ஐ நெருங்கும்போது எச்ஏ1 விலகுகிறது. சரி, கப்பை எடுங்கள். உள்ளங்கையை மேலே குடைபோலப் பிடித்து, குட்டைப் பகுதிகளை நிமிர்த்துங்கள். சிவப்பு நுனி கையில் குத்துகிறதா? உங்கள் கைதான் பையின் சவ்வு.

இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். நிஜத்தில் கழுத்து வெறுமனே நிமிர்வதில்லை. தளர்ந்த வளைவாக இருந்த அந்தப் பகுதியே சுருளாக மாறி, தண்டோடு சேர்ந்து ஒரே நீளச் சுருளாகிவிடுகிறது. நுனி ஏறத்தாழ 10 நானோமீட்டர் மேலே போகிறது. முழுப் புரதத்தின் உயரமே 13 நானோமீட்டர் சொச்சம்தான்! சவேலா கார், பீட்டர் கிம் என்ற விஞ்ஞானிகள் 1993-இல் இப்படித்தான் நடக்கும் என்றார்கள். அடுத்த ஆண்டே, புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்ரேயால் கண்ட அமைப்பு அதைக் காட்டியது. எனக்கு இன்றும் வியப்பு அடங்காத இடம் இது.

படி 4: தண்டின் கீழ்ப்பாதியை வெளிப்பக்கமாக மேல்நோக்கி மடக்குங்கள். மேசையில் இருந்த முனை, சிவப்பு நுனிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இரண்டு சவ்வுகளும் இப்படித்தான் ஒன்றையொன்று நோக்கி இழுக்கப்படுகின்றன. ஒவ்வொரு சவ்வும் இரண்டு அடுக்கு. முதலில் ஒன்றையொன்று பார்த்திருக்கும் அடுக்குகள் கலக்கும், அப்புறம் துளை விழும், வைரஸின் ஆர்என்ஏ செல்லுக்குள் போகும். ஒரு முள் தனியாக இதைச் செய்ய முடியாது. அக்கம்பக்கத்து முட்கள் சிலவும் சேர்ந்து இழுக்க வேண்டும்.

கை இல்லாமலே கப்பை எடுத்தால்? பொறி வீணாகத் திறந்துவிடும். செல்லே இல்லாத இடத்தில் அமிலம் பட்டால் வைரஸ் நுழையும் திறனை இழப்பது இதனால்தான். நிமிர்ந்தது பழையபடி மடங்காது.

தடுப்பூசிக்குத் தேவையோ நிமிர்வதற்கு முந்தைய வடிவம். வலுவான எதிர்ப்பொருள்கள் பல அதைத்தான் பிடிக்கின்றன. கொரோனாவின் ஸ்பைக் புரதத்திலும் இதே போன்ற கழுத்து உண்டு. ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளில் அந்த இடத்தில் நிமிராமல் தடுக்க, புரோலின் என்ற விறைப்பான அமினோ அமிலம் இரண்டை வைத்தார்கள். மடங்கிய கழுத்தைச் சுற்றி செலோடேப் ஒட்டிவிட்டு, கப்பை எடுத்து நிமிர்த்திப் பாருங்கள். வராது.