சொல்வதெழுதல்: ல, ள, ழ தடுமாற்றத்தை வீட்டில் தீர்க்கும் முறை

மூன்றாம் தரத்தில் படிக்கும் என் மகள் சென்ற தவணையில் கொண்டுவந்த சொல்வதெழுதல் கொப்பியில், இருபது சொற்களில் பதினொன்று பிழையாக இருந்தன. ஏறத்தாழ எல்லாப் பிழைகளும் ல, ள, ழ, ர, ற, ந, ன, ண ஆகிய எழுத்துகளிலேயே நேர்ந்திருந்தன. எங்கள் காலத்து வழக்கப்படி, பிழையான ஒவ்வொரு சொல்லையும் பத்துத் தடவை எழுதச் சொன்னேன். அவள் எழுதுவதை அருகிலிருந்து பார்த்தபோதுதான் அம்முறையின் குறை எனக்கு விளங்கியது: முதலில் ‘வா’ என்ற எழுத்தை மேலிருந்து கீழாகப் பத்து வரிகளிலும் எழுதினாள், பின்னர் ‘ழை’ என்பதை அவ்வாறே எழுதினாள். பத்து ‘வாழைப்பழம்’ எழுதி முடிந்த பிறகும், அச்சொல்லை ஒரு தடவையேனும் அவள் முழுமையாக எழுதியிருக்கவில்லை. அதன் பின்பு நான் கைக்கொண்ட முறையையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்களைத் தெரிவு செய்யுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொற்கள் போதும். பாடநூற் சொற்களோடு, பிள்ளை பஸ்ஸிலிருந்து பார்க்கும் ஊர்ப் பெயர்களையும் சேர்த்துக்கொள்வது என் விருப்பம். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் நோக்கிச் சென்றால் காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, நிந்தவூர், அக்கரைப்பற்று எனவும், வாழைச்சேனைப் பக்கம் சென்றால் ஏறாவூர், வந்தாறுமூலை, சித்தாண்டி எனவும் பெயர்ப்பலகைகள் வரிசையாக வரும். ‘மண்முனை’ என்ற ஒரே பெயரில் ண், ன இரண்டும் இருப்பதால், அதை மட்டும் ஒரு மாலை முழுவதும் வைத்துப் பேசலாம்.

அடுத்து, சொல்லை ஓர் அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். பிள்ளை அதைப் பார்த்து, வாய்விட்டு வாசித்து, எந்த எழுத்தில் தவறக்கூடும் என்பதைத் தானே விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். பின்னர் அட்டையைக் கவிழ்த்துவிட்டு, நினைவிலிருந்து ஒரு தடவை மட்டும் எழுத வேண்டும்.

நான் நெடுநாள் தவறியது சொல்லை வாசித்துக் காட்டும் இடத்திலேயே. ‘ழ’ வரும்போது நாவை நன்றாக மடித்து, நீட்டி, அழுத்திச் சொன்னேன். மகளும் பிழையின்றி எழுதினாள். பாடசாலையில் அதே சொல்லைப் பிழையாக எழுதிவிட்டு வந்தாள். எங்கள் வீட்டுப் பேச்சில் ‘வாழை’யும் ‘வாளை’யும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன, நான் அழுத்திச் சொன்னபோது அவள் என் வாயைப் பார்த்து எழுதினாளே அல்லாமல், சொல்லை அறிந்து எழுதவில்லை. இப்போது இயல்பான பேச்சொலியிலேயே சொல்லி, அதை ஒரு வசனத்துள் வைத்துக் கொடுக்கிறேன்: “வாழை குலை போட்டிருக்கிறது”, “வாளை வலையில் அகப்பட்டது”. பொருளைக் கொண்டு எழுத்தைத் தீர்மானிக்கும் பழக்கம் இவ்வாறுதான் வந்தது. கறி, கரி, மணம், மனம், பள்ளி, பல்லி, அறை, அரை ஆகிய இணைகளையும் இப்படியே பழக்கலாம்.

ந, ண, ன ஆகிய மூன்றுக்கும் எல்லா இடத்திலும் இவ்வளவு பாடு தேவையில்லை. ஒரு சொல்லுக்குள் ட என்பதற்கு முன் இம்மூன்றில் ஒன்று புள்ளியோடு வந்தால், அது ண் ஆகவே இருக்கும். ற என்பதற்கு முன் வந்தால் அது ன். த என்பதற்கு முன் வந்தால் அது ந். சித்தாண்டி, கன்று, நிந்தவூர் என்ற மூன்றையும் காட்டினால் போதும். டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று அவ்வெழுத்துகளுக்கு வழங்கும் பெயர்களிலேயே இவ்விதி இருக்கிறது என்பதை என் மகள் கண்டுகொண்ட நாள் எங்களுக்குப் பெருமகிழ்ச்சியான நாள். சொல்லின் தொடக்கத்தில் வருவது ந மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

எழுதி முடித்ததும் நீங்கள் திருத்த வேண்டாம். அட்டையை நிமிர்த்தி வைத்து, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து, பிள்ளையே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பிழையான எழுத்தை மட்டும் ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, அடுத்த பக்கத்தில் சொல்லை முழுதாக மீண்டும் எழுத வேண்டும். அதே பக்கத்தில் எழுதினால் மேலே உள்ளதைப் பார்த்து எழுதிவிடுவார்கள். அந்த ஐந்து சொற்களையும் மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் திரும்பக் கேளுங்கள்.

கருவிகளைப் பொறுத்தவரை, சதுரக் கோடிட்ட கொப்பியும் பென்சிலுமே சிறந்தவை என்பேன். ஒரு கட்டத்துள் ஓர் எழுத்து என்று எழுதும்போது, விடுபட்ட புள்ளியெழுத்து உடனே கண்ணில் படும். ‘கொ’ போன்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே கட்டத்துள் அடக்கச் சொல்லுங்கள். அட்டைகளுக்கு பிஸ்கட் பெட்டியை வெட்டிக்கொள்ளலாம். அழிறப்பரை நான் கொடுப்பதில்லை, ஏனெனில் பிழை அழிந்துபோனால் அது எந்த எழுத்தில் நேர்ந்தது என்பதும் மறந்துபோகும். கைத்தொலைபேசி, இரண்டு எழுத்துத் தட்டியவுடன் முழுச் சொல்லையும் தானே காட்டிவிடுவதால், இப்பயிற்சிக்கு உதவாது.

பின்சேர்க்கை: இம்முறையைப் பின்பற்றிய அக்கரைப்பற்றுத் தாய் ஒருவர், தம் மகன் ‘முயற்ச்சி’, ‘அதற்க்கு’ என்று எழுதுவதாகத் தெரிவித்திருந்தார். ற், ட் ஆகிய இரண்டையும் அடுத்து இன்னொரு புள்ளியெழுத்து வராது. ஆகவே முயற்சி, அதற்கு, காட்சி, நட்பு என்பனவே சரி. இவ்விதியைச் சொல்லிக் கொடுத்த மறுநாளே என் மகள் ‘வாழ்கை’, ‘பார்கிறேன்’ என்று எழுதினாள். எனவே ர், ழ், ய் ஆகியவற்றின் பின் புள்ளியெழுத்து வரலாம் என்பதையும், வாழ்க்கை, பார்க்கிறேன், பாய்ச்சல் என்ற மூன்று அட்டைகளோடு அன்றைக்கே காட்டிவிடுங்கள்.