பென்டிரைவில் அம்புக்குறி முளைத்தால்

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ப்ராஜெக்ட் சமயத்தில் பென்டிரைவோடு வரிசை நிற்கும். "அண்ணாச்சி, ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆயிட்டு. ஃபைல் போச்சா?" என்று யாராவது முகம் வெளுத்து நிற்பார்கள். போகவில்லை. ஃபார்மட் மட்டும் பண்ணிவிடாதீர்கள்.

இது பென்டிரைவ் வழியாகப் பரவும் ஒரு வைரஸின் வேலை. அது உங்கள் ஃபோல்டரை அழிப்பதில்லை, ஒளித்து வைக்கிறது. அதே பெயரில் ஒன்றிரண்டு கேபி அளவில், மூலையில் அம்புக்குறி போட்ட ஒரு ஷார்ட்கட்டை வைத்துவிடுகிறது. டபுள் கிளிக் செய்தால் ஃபோல்டர் திறக்கும், சந்தேகமே வராது. கூடவே அதன் ஸ்கிரிப்டும் ஓடிக் கம்ப்யூட்டருக்குள் குடியேறிவிடும். ஆகவே அம்புக்குறியைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் எல்லோரும் பென்டிரைவைத்தான் முதலில் சுத்தம் செய்வார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். சுத்தம் செய்து கொடுப்பேன், மறுநாளே திரும்பி வரும். கடைசியில் பார்த்தால் என் கடைக் கம்ப்யூட்டரே ஊருக்கெல்லாம் ஒட்டவைத்திருக்கிறது. பிரிண்ட் எடுக்க வந்த மருத்துவக் கல்லூரிப் பெண் சிரித்தாள்: "இதுக்கு எங்க பாடத்துல கேரியர்னு பேரு அண்ணாச்சி. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, அடுத்தவங்களுக்குத்தான் காய்ச்சல்."

அதனால் கம்ப்யூட்டர்தான் முதலில். டாஸ்க் மேனேஜரில் 'விண்டோஸ் பேஸ்டு ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்' என்று நீங்கள் ஓடவிடாமலே ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் எண்ட் டாஸ்க் கொடுங்கள். ஸ்டார்ட்அப்பில் அதே மாதிரி ஸ்கிரிப்ட் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். பிறகு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸில் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் முழுதாக எழும்முன்பே தேடுவதால் வைரஸுக்கு ஒளிய நேரம் கிடைப்பதில்லை. முடிந்ததும் ஒரு காலிப் பென்டிரைவில் வெறும் ஃபோல்டர் ஒன்றை வைத்துச் செருகிப் பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்தும் அது ஃபோல்டராகவே இருந்தால் சரி.

இப்போது பென்டிரைவ். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்யுங்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ஹைடு புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதில் டிக்கை எடுங்கள். மங்கலாகத் தெரிபவைதான் உங்கள் ஃபோல்டர்கள். சில வகை வைரஸ், பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாவற்றையும் திணித்திருக்கும், அதையும் பாருங்கள். உள்ளே இருக்கும் டாக்குமெண்ட், படங்களை மட்டும் கம்ப்யூட்டரில் ஒரு புது ஃபோல்டரில் காப்பி செய்யுங்கள். அவை திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு இனி பென்டிரைவைத் தாராளமாக ஃபார்மட் செய்யலாம்.

கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இருந்தால் வேலை சுலபம், விண்டோஸ் ஸ்கிரிப்ட் அங்கே செல்லாது. ஆனால் பென்டிரைவில் அது அப்படியே இருக்கும். 1898இல் டச்சு விஞ்ஞானி பெய்யரிங்க் 'வைரஸ்' என்று பெயர் சொன்ன புகையிலைத் தேமல் கிருமியும் இதே ரகம்தான். செடியைத் தொட்டவனை அது ஒன்றும் செய்யாது, அவன் கையிலேறி அடுத்த செடிக்குப் போய்விடும். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு நஞ்சு என்று பொருளாம். நாமும் நச்சுயிரி என்றுதான் சொல்கிறோம்.

1986இல் லாகூரில் அண்ணன் தம்பி இருவர் எழுதிய 'பிரெய்ன்' வைரஸும் இணையம் இல்லாமல் ஃபிளாப்பி வழியாகவே அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வரை போனது. தங்கள் மருத்துவ சாஃப்ட்வேரைத் திருட்டுக் காப்பி எடுப்பவர்களைப் பிடிக்கத்தான் எழுதினோம் என்றார்கள். அதற்குள்ளேயே கடை முகவரியும் ஃபோன் நம்பரும் வைத்திருந்தார்கள், பாருங்கள்! அந்தக் கால ஃபிளாப்பியின் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். அதில் டேப் ஒட்டிவிட்டால் எதுவும் எழுத முடியாது.

பெரும்பாலான பென்டிரைவ்களில் அந்த வசதி கிடையாது. எஸ்டி கார்டின் பக்கவாட்டில் சின்ன லாக் உண்டு, அதைத் தள்ளிவிட்டுச் செருகினால் அநேகமாக எல்லாக் கார்டு ரீடரும் எழுதவிடாது. பிரிண்ட் மட்டும் வேண்டுமென்றால் ஃபைலை மெயிலில் அனுப்பிவிட்டு வெறுங்கையோடு வாருங்கள். என் கடைக்கு வந்தாலும்தான்.