காந்த ஸ்டாக் தீர்வதற்கு முன்: சின்ன மோட்டார் கம்பெனிகளுக்கு

கோவையில் ஒரு சின்ன மோட்டார் கம்பெனிக்குப் பர்ச்சேஸ் பார்க்கிறேன். 2025 ஏப்ரல் 4 அன்று, மோட்டார் காந்தங்களில் சேர்க்கிற சில உட்பட ஏழு அரிய மண் தனிமங்களுக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று சீனா அறிவித்ததிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "காந்தத்துக்கு வேற சப்ளையர் யாராவது இருக்காங்களா?" அது அப்புறம். முதலில் உங்கள் டிராயிங்கை எடுங்கள்.

அதில் நியோடிமியம் காந்தத்தின் கிரேடு, அதாவது ஒரு எண்ணும் சில சமயம் பின்னால் எழுத்தும், இருக்கும். எண்ணுக்குப் பின்னால் எழுத்து ஏதும் இல்லையென்றால் சுமார் 80 டிகிரி வரை தாங்கும். எச் என்றால் 120, எஸ்.எச். என்றால் 150, யூ.எச். என்றால் 180. இப்படிச் சூடு தாங்க வைக்க வழக்கமாகச் சேர்ப்பது டிஸ்ப்ரோசியம் அல்லது டெர்பியம். இவை இரண்டும் அந்த ஏப்ரல் பட்டியலில் இருக்கின்றன. காந்தத்தின் முக்கியச் சரக்கான நியோடிமியம் அதில் இல்லை. உங்கள் பார்சல் உரிமத்துக்காகக் காத்துக் கிடக்குமா என்பது பெரும்பாலும் அந்த ஓரிரண்டு எழுத்தில் இருக்கிறது.

பல டிராயிங்குகளில் எஸ்.எச். இருப்பதற்குக் காரணம் பயம்தான். யாரோ எப்போதோ 'எதற்கும் இருக்கட்டும்' என்று போட்டது. மோட்டாரை ஃபுல் லோடில் ஓட்டி ரோட்டார் சூட்டை அளந்து பாருங்கள். 90 டிகிரி தாண்டாத மோட்டாருக்கு எஸ்.எச். எதற்கு? ஆனால் சூட்டை மட்டும் நம்பி கிரேடை இறக்கிவிடாதீர்கள். குறைந்த கிரேடு காந்தம் போட்ட சாம்பிளைச் சூடாக்கி, ரோட்டாரைச் சுழலாமல் பிடித்து நிறுத்தி, கன்ட்ரோலர் விடுகிற உச்சக் கரன்ட்டைக் கொடுங்கள். ஆறிய பிறகு பேக் ஈ.எம்.எஃப். (ரோட்டாரை வெளியிலிருந்து சுற்றினால் மோட்டாரில் உண்டாகும் வோல்ட்டேஜ்) முன்பிருந்த அளவே வருகிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் காந்தம் போய்விட்டது, பழைய கிரேடே இருக்கட்டும்.

சமேரியம் கோபால்ட் என்ற வேறு வகைக் காந்தத்துக்கு மாறலாம் என்று யாராவது சொன்னால், சமேரியமும் அதே பட்டியலில் இருக்கிறது என்று சொல்லுங்கள். அரிய மண் சேராத ஃபெரைட் காந்தம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் காந்தப்புலம் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் மோட்டார் பெரிதாகும். சீலிங் ஃபேனுக்குச் சரி. ஸ்கூட்டர் சக்கரத்துக்குள் அத்தனை பெரிய மோட்டாருக்கு இடம் ஏது?

இப்போது சப்ளையர். ஜப்பானிலும் ஜெர்மனியிலும் நல்ல காந்த ஆலைகள் உண்டு, விலைதான் கடிக்கும். கொட்டேஷன் கேட்கும்போதே 'உங்கள் டிஸ்ப்ரோசியம் யாரிடமிருந்து வருகிறது' என்று எழுத்தில் கேளுங்கள். மலேசியாவில் ஆஸ்திரேலியாவின் லைனஸ் நிறுவனம் அதைப் பிரித்தெடுக்கத் தொடங்கியதே 2025 மே மாதத்தில்தான். பதில் மழுப்பலாக வந்தால் சரக்கு சுற்றி வளைத்துச் சீனாவிலிருந்துதான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரிய மண் தனிமங்கள் உள்ள மணவாளக்குறிச்சி கடற்கரை மணல் இங்கேயே இருக்கிறதே என்பார்கள். 2025 நவம்பரில் மத்திய அரசு இந்தக் காந்தங்களை இங்கேயே செய்ய 7,280 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் இலக்கு. ஆலை எழும்ப வருடங்கள் ஆகும். அதோடு நம் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் கனிமத்தில் நியோடிமியம் உண்டு, டிஸ்ப்ரோசியம் மிகச் சொற்பம். உள்ளூர்க் காந்தம் வந்தாலும், டிஸ்ப்ரோசியம் கேட்காத மோட்டாருக்குத்தான் அது சுலபமாகக் கிடைக்கும். கிரேடை இறக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிரேடை இறக்கவே முடியாத மாடல்களுக்கு, சீன உரிமத்துக்குக் கேட்கப்படும் இறுதிப் பயனாளர் சான்றிதழை ஆர்டருக்கு முன்பே தயார் செய்யுங்கள். காந்தம் எந்த மோட்டாரில், எந்த வண்டியில் போகிறது, ராணுவப் பயன் இல்லை என்பதெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். உங்கள் வாடிக்கையாளரின் கையெழுத்தும் தேவைப்படலாம். அதை வாங்குவதுதான் பெரும்பாடு, அதனால் அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

ஸ்டாக் வைப்பதென்றால் இந்த மாடல்களுக்கு மட்டும் வையுங்கள். உங்களிடம் மேக்னடைசர் (காந்தமேற்றும் இயந்திரம்) இருந்தால் காந்தமேற்றாத துண்டுகளாகவே வாங்குங்கள். விமானத்தில் அனுப்பத் தொல்லை குறைவு, ரோட்டாரில் ஒட்டுவதும் எளிது. நிக்கல் பூச்சு உரிந்தால் இந்தக் காந்தம் துருப்பிடித்துப் பொடியாகும். ஈரமில்லாத அறையில், சிலிக்கா ஜெல் போட்டு, கவரைப் பிரிக்காமல் வைத்து, பழைய லாட்டை முதலில் எடுங்கள்.