அகச்சிவப்புப் படத்தில் நம்ம மாவட்டம்: குளம் எது, ஏலா (நெல்வயல் வெளி) எது, ரப்பர் எது?

தக்கலைப் பக்கத்துக் குளங்களுக்கு வரைபடம் போடும்போது நான் கையாளும் முறை இது. கன்னியாகுமரி மாவட்டத்தை மேலிருந்து பார்த்தால் எல்லாமே பச்சைதான். தென்னை, வாழை, ரப்பர், நெல், குளத்தை மூடிய ஆகாயத்தாமரை எல்லாம் இயல்பு வண்ணப் படத்தில் ஒன்றாகக் கலந்து கிடக்கும்.

கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில், சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் எடுக்கும் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். அதில் 'ஃபால்ஸ் கலர்' (மாற்று வண்ணம்) என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே தேதியின் இயல்பு வண்ணப் படத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்தை மட்டும் நம்பி எதையும் குறிக்க வேண்டாம்.

செழிப்பான இலை, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். அந்த ஒளிக்குத்தான் படத்தில் சிவப்பு நிறம் கொடுக்கிறார்கள். தண்ணீர் அதை உறிஞ்சிவிடும், அதனால் கறுப்பு. கலங்கல் தண்ணீர் நீலம். வெறும் மண்ணும் கட்டடங்களும் சாம்பலும் நீலப்பச்சையுமாக இருக்கும். நாகர்கோவிலைப் பார்த்தாலே பிடிபடும்.

பேச்சிப்பாறை அணையில் தொடங்குங்கள். சிவப்புக்கு நடுவே கறுப்பாகத் தெரியும். நீர் இறங்கிய மாதத்தில் கறுப்பைச் சுற்றி வெளிறிய பட்டை ஒன்று ஓடும், அது வெளியே தெரியும் கரைமண்.

அப்புறம் சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கு வாருங்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த ஈரநிலம். இங்கேதான் நிதானம் தேவை. திறந்த நீர் கறுப்பாக இருக்கும், சரி. ஆனால் தாமரையோ ஆகாயத்தாமரையோ மூடிய பகுதி, பக்கத்து ஏலாவைப் போலவே சிவப்பாக இருக்கும். நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது, மாதத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். கும்பப்பூ (மாவட்டத்தின் இரண்டாம் போக நெல்) நடவின்போது தண்ணீர் கட்டிய வயல் கருநீலமாக இருக்கும். பயிர் வளர வளர இளஞ்சிவப்பாகி, பிறகு அடர்சிவப்பாகும். பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை முடிந்ததும் வெளிறிவிடும். குளத்துச் செடிகளுக்கு இந்த வரிசை கிடையாது. அறுப்புக்குப் பிறகும் சிவப்பாகவே இருக்கும் பரப்பை 'விவசாய நிலம்' என்று எழுதிவிடாதீர்கள். வரைபடத்தில் ஒருமுறை வயலாகிப்போன குளத்தைத் திரும்பக் குளமாக்குவது பெரும்பாடு. நான் இந்த வேலையைச் செய்வதே அதற்காகத்தான்.

குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பரையும் மலைக்காட்டையும் பிரிக்கவும் மாதம்தான் வழி. டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் ரப்பர் இலை உதிர்க்கும், அப்போது தோட்டங்களின் சிவப்பு மங்கிவிடும். பசுமைமாறாக் காடு அப்படியே இருக்கும். புதுத்தளிர் விட்ட பிறகு எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் தோட்டத்தின் எல்லை தெளிவாகத் தெரியும். ஆரல்வாய்மொழிப் பக்கத்து வறண்ட மலைகளும் கோடையில் மங்கும். அவற்றை ரப்பர் என்று எண்ண வேண்டாம்.

மலைச்சரிவில் கறுப்பைப் பார்த்ததும் நீர் என்று குறித்துவிடாதீர்கள். இந்தச் செயற்கைக்கோள் காலை பத்தரை மணி வாக்கில் கடக்கும். ஜனவரியில் அந்நேரம் வெயில் தென்கிழக்கிலிருந்து வருவதால், வடமேற்குச் சரிவுகளில் நிழல் விழும். ஏப்ரல் படத்தில் அந்த இடத்தின் கறுப்பு மறைந்திருந்தால் அது நிழல்தான். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்பதால் மேகமில்லாத படம் கிடைப்பது கஷ்டம். ஜனவரி முதல் மார்ச் வரை தேடினால் நல்ல படங்கள் கிடைக்கும்.