மண்ணிலிருந்து பூச்சியைக் கொல்லும் பூஞ்சாணத்தைப் பிரித்தெடுப்பது எப்படி?

பவேரியா, மெட்டாரைசியம் போன்ற பூஞ்சாணங்கள் மண்ணில் வித்துகளாகக் கிடக்கும். ஆனால் மண்ணைக் கரைத்து நேரே அகார் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்) தட்டில் ஊற்றினால், வேகமாக வளரும் மட்குண்ணிகள் (மட்கியதைத் தின்னும் பூஞ்சாணங்கள்) தட்டை மூடிவிடும். அதனால் புழுவையே தூண்டிலாக வைத்துப் பிடிக்கிறார்கள். தேன்கூட்டை அரிக்கும் பெரிய மெழுகு அந்துப்பூச்சியின் புழு இதற்கு நன்றாக ஒத்துவரும். நோய் எளிதில் பிடிக்கும், ஆய்வகத்தில் ஆண்டு முழுக்க வளர்க்கலாம்.

மேல் சருகை விலக்கி, 10 முதல் 15 செ.மீ. ஆழம் வரை, ஒரே நிலத்தில் ஐந்தாறு இடங்களில் மண் எடுத்துக் கலக்கவும். அடுத்த நிலத்துக்குப் போகுமுன் கருவியை 70 சதவீத எத்தனாலால் துடைக்க வேண்டும். மண்ணை வெயிலில் வைக்கக் கூடாது, புறஊதாக் கதிர் வித்துகளைக் கொன்றுவிடும். உடனே வேலை தொடங்க முடியாவிட்டால் 4 டிகிரி செல்சியஸில் வைக்கலாம்.

கல், வேர் நீக்கிச் சலித்த மண்ணை, மூடியில் சிறு துளையிட்ட டப்பாவில் முக்கால் அளவு நிரப்பவும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் கசியக் கூடாது. ஈரம் மிஞ்சினால் நூற்புழுவும் பாக்டீரியாவும் முந்திக்கொள்ளும்.

இந்தப் புழு மண்ணுக்குள் போனதும் பட்டிழை சுற்றிக்கொள்ளும். பிறகு வித்து அதன் தோலைத் தொடாது. அதைத் தடுக்க, புழுக்களை 56 டிகிரி வெந்நீரில் 10 விநாடி முக்கி, உடனே குளிர்ந்த நீரில் அரை நிமிடம் வைக்கவும். டப்பாவுக்கு 5 புழு வீதம் இட்டு, 20 முதல் 25 டிகிரியில் இருட்டில் வைக்கவும். முதல் 5 நாள் தினமும் டப்பாவைத் தலைகீழாகத் திருப்பினால் புழு மண் முழுக்க ஊர்ந்து போகும். ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) மண்ணிலும் அதே தொகுதிப் புழுக்களை விட்டுப் பாருங்கள். அங்கேயும் பூஞ்சாணம் வந்தால் அது மண்ணிலிருந்து வந்ததல்ல, உங்கள் வளர்ப்புக் கூண்டிலிருந்து வந்தது.

இரண்டு, மூன்று வாரம் வரை, செத்த புழுக்களைப் பொறுக்குங்கள். கறுத்துக் கொழகொழவென்று நாறினால் பாக்டீரியா. செங்கல் நிறமாகித் தளர்ந்திருந்தால் பெரும்பாலும் நூற்புழு. விறைத்து உலர்ந்திருப்பதுதான் நமக்கு வேண்டியது. உடலிலிருந்து பூஞ்சாணம் வெளிவருமுன் அதை 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் முக்கி, தொற்று நீக்கிய நீரில் மூன்று முறை அலசி, ஈரமான வடிதாள் மேல் வைக்கவும். இந்தக் கழுவலைத் தவிர்த்தால், செத்த பிறகு தோலில் ஒட்டிய பூஞ்சாணத்தைக் கொலையாளி என்று எண்ணிவிடுவோம்.

வெள்ளை மாவு படிந்தாற்போல் வந்தால் பவேரியாவாக இருக்கலாம். முதலில் வெள்ளையாகி, பிறகு ஆலிவ் பச்சையானால் மெட்டாரைசியம். மஞ்சள் கலந்த பச்சையில் எச்சரிக்கை தேவை: அது ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸாக இருக்கக்கூடும். அஃப்ளடாக்சின் என்னும் நச்சைச் சுரக்கும் இனம் அது. நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்யாமல் அதைப் பெருக்கக் கூடாது. முகக்கவசமும் அவசியம்.

லிட்டருக்கு 100 மி.கி. குளோரம்ஃபெனிக்கால் (பாக்டீரியாவைத் தடுக்கும் மருந்து) சேர்த்த உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் வளர்த்து, ஒற்றை வித்திலிருந்து தூய வளர்ப்பு எடுக்கவும்.

கொல்லும் திறனை இனிதான் அளக்க வேண்டும். இரண்டு வார வளர்ப்பின் வித்துகளை 0.05 சதவீத ட்வீன் 80 (சோப்பு போல நனைக்கும் பொருள்) கரைசலில் சுரண்டி, கலக்கி, மெல்லிய துணியில் வடிகட்டவும். வெறும் நீரில் இவை கலக்காது, கட்டியாக மிதக்கும். ஹீமோசைட்டோமீட்டரின் (கட்டம் பொறித்த எண்ணும் கண்ணாடி) நடுவிலுள்ள 25 சதுரங்களிலும் எண்ணி, மொத்தத்தை 10,000-ஆல் பெருக்கினால் ஒரு மில்லியிலுள்ள எண்ணிக்கை கிடைக்கும். நீர்த்திருந்தால் நீர்த்த மடங்காலும் பெருக்கவும். எண்ணிக்கை மட்டும் போதாது. 24 மணி நேரத்தில் 90 சதவீதமாவது முளைக்காத தொகுதியை வைத்துச் சோதிப்பதில் பயனில்லை.

மில்லிக்கு 10⁴ முதல் 10⁸ வரை பத்துப்பத்து மடங்காக ஐந்து அடர்த்திகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று மறுசெய்கைகள், கூடவே ட்வீன் மட்டும் தொட்ட ஒப்பீட்டுத் தொகுதி. இங்கே வைக்க வேண்டியது மெழுகுப் புழுவை அல்ல, நீங்கள் கட்டுப்படுத்த நினைக்கும் பூச்சியை. மெழுகுப் புழுவைக் கொல்வது பெரிய சாதனை அல்ல. ஒப்பீட்டில் 10 சதவீதமும், மருந்திட்டதில் 70 சதவீதமும் செத்தால், தானாகச் செத்தவற்றைக் கழிக்கும் அபாட் சூத்திரப்படி 60-ஐ 90-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும்: 66.7 சதவீதம். ஒப்பீட்டிலேயே 20 சதவீதத்துக்கு மேல் செத்தால் சோதனையைத் திரும்பச் செய்யவும். செத்தவற்றிலிருந்து அதே பூஞ்சாணம் மீண்டும் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அகாரில் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டே போனால் வீரியம் குறையும். ஆகவே முதல் வளர்ப்பையே கிளிசராலில் கலந்து, மைனஸ் 80 டிகிரியில் பல குப்பிகளாக வைத்துவிடுங்கள். வீரியம் குறைந்ததைப் பூச்சியின் உடல் வழியாக ஒருமுறை செலுத்தி எடுத்தால் பெரும்பாலும் மீளும். பட்டுப்புழு வளர்க்கும் இடத்தருகே பவேரியா வேலையே வேண்டாம். 1835-இல் இத்தாலியின் அகோஸ்டினோ பாசி பட்டுப்புழு நோய்க்குக் காரணம் என்று காட்டியது இந்தப் பூஞ்சாணத்தைத்தான்.